ஷர்வினை எழுப்ப வேண்டாம்

ஷர்வின் அம்மாவுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வறிக்கையைக் கொடுக்காவிட்டால் மகன் இன்னொரு செமஸ்டர் படிக்க வேண்டும். அவனை எழுப்பி உட்கார வைக்க நீ அவன் தங்கிப் படிக்கும் புஞ்சாக் ஆலாம் போய் மூன்று வாரமாகிறது. நேற்று வந்தபோது பார்த்தேன். அவன் அறைச் சுவரில் நேர அட்டவணை உன் கையெழுத்தில் இருக்கிறது. எந்த அத்தியாயம் பாக்கி என்பதும் உனக்குத்தான் தெரிகிறது.

நீ துணி காயப்போடும்போது, "என்னடா, படிக்கிறது நீயா, அம்மாவா?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "அம்மா கேட்டா நாளைக்குன்னு சொல்லிடலாம்பா. தனியா இருந்தா யார்கிட்ட சொல்றது? அம்மாவை நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க லா. நான் சொன்னா அழுவாங்க."

நானும் பயந்துகொண்டு சொல்லாமலே வந்துவிட்டேன்.

நம் கடையில் மிளகாய் நிறுப்பவன் பக்கத்தில் நான் நின்றால் அவன் தராசைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறான். நீ பக்கத்தில் இருந்தால் நம் மகனும் அப்படித்தான்.

இந்தக் கடிதத்தைக் கொடுப்பவர் காய்கறி இறக்கிவிட்டு, பத்து மணிக்கு லோரியோடு உன் வாசலுக்கு வருவார். அதில் ஏறி கோலசிலாங்கூருக்கு, நம் வீட்டுக்கு வந்துவிடு. அவன் வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டால் அடுத்த செமஸ்டருக்கு நான் பணம் கட்டுகிறேன். நீ திரும்பப் போய் உட்கார வேண்டாம்.

நான் சமைத்ததை நானே எத்தனை நாள் தின்பது?

உன் வீட்டுக்காரன்