கந்தவனமும் பெவனும்

மொன்றியல்,
சென்ட் லோரன்ட்.

அன்பு மகள் சாம்பவிக்கு அப்பா எழுதுவது,

நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மா உன்னோடு போனில் கதைப்பதிலிருந்து அறிகிறேன், நானே கேட்டு அறிகிற நிலைமையை நான்தான் கெடுத்துக்கொண்டேன். இங்கே எங்களுக்கும் பெரிய குறை ஒன்றுமில்லை, குளிர் தொடங்கினதும் அம்மாவுக்கு முழங்கால் நோ வந்துவிட்டது, எனக்குப் பிரஷர் கூட என்று டொக்டர் சொல்கிறார், கூடாமல் என்ன செய்யும். ஆறு கிழமையாக அம்மா என்னோடு ஒழுங்காகக் கதைப்பதில்லை. "சாப்பாடு மேசையில இருக்கு" என்பாள், அவ்வளவுதான். நான் வேலையால் வந்து ரீவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருக்கிறேன்.

கலியாணத்துக்குப் பிறகு காரெத்தின் குடும்பப் பெயரை வைக்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் போனில் கத்தினது உனக்கு மறந்திருக்காது. கியூபெக்கில் கலியாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை, சட்டமே அப்படி, நீ வேல்சுக்குப் போய் என் பெயரைக் கழற்றி எறியப்போகிறாயோ என்று கேட்டேன். நீ ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தாய், நான் விடவில்லை. "அப்ப எனக்கு மகள் இல்லை, கலியாணத்துக்கும் வரமாட்டன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு திருப்பி எடுக்கவும் இல்லை, என் வீம்பு உனக்குத் தெரியும்தானே.

போன கிழமை காரெத்தின் தகப்பன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார், கையால் எழுதின இரண்டு பக்கம். நீதான் எழுதச் சொன்னாயோ, மனுசன் தானாக எழுதினாரோ தெரியாது. அம்மா அதை என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அகராதியும் கையுமாக இரண்டு நாள் இருந்து வாசித்தேன். அவர்களுக்கும் முந்திக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லையாம் பிள்ளை, எங்களைப் போலத் தகப்பன் பெயர்தானாம். இவானுடைய மகன் என்பதை அவர்கள் பாஷையில் அப் இவான் என்பார்களாம், அது தேய்ந்துதான் அவர்களுடைய இப்போதைய குடும்பப் பெயரான பெவன். இங்கிலீசுக்காரரின் சட்டம் வந்த காலத்தில் கோட்டில் வழக்குப் பதிவு எழுதுகிறவர் பெயரைக் கேட்க, இவர்களுடைய முன்னோர் ஒருத்தன் வழக்கப்படி தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னானாம், அன்றோடு அது எல்லாத் தலைமுறைக்கும் நிரந்தரமாகிவிட்டது. அந்த இவான் மகனை வீட்டைவிட்டுக் கலைத்த ஆளாம், குடும்பத்தில் அப்படிச் சொல்லி வருகிறார்கள், உண்மை பொய் தெரியாது என்கிறார். கலைத்தவனின் பெயரைத்தான் நாங்கள் எல்லாரும் சுமக்கிறோம் என்று பகிடியாக எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கந்தவனம் உன் அப்பப்பாவின் பெயர் என்று உனக்குத் தெரியும், அவர் என்ன செய்தவர் என்று நான் சொன்னதில்லை. அவர் பேசி வைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லி அம்மாவைக் கட்டப்போகிறேன் என்றபோது, "எனக்கு மகன் இல்லை" என்றார். எங்கள் கலியாண எழுத்துக்கு வரவேயில்லை. பேந்து நானும் அம்மாவும் அகதியாக இங்கே வந்து இறங்கினோம், படிவத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன், தகப்பன் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து வேலையில் பிரெஞ்சுக்காரருக்கு நான் முசியே கந்தவனம். நீ பிறந்தபோதும் அதுவே உன் பெயரோடு ஒட்டிக்கொண்டது, யோகேந்திரன் என்ற என் பெயர் உன்னிடம் வரவேயில்லை. அவர் முதலில் கதைக்கட்டும் என்று நான் இருந்தேன், அவரும் அப்படித்தான் இருந்திருப்பார். அவர் செத்த செய்திகூட ஆர் ஆரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மனுசனின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று, அவர் என்னை நோகடித்த அதே சொல்லால் உன்னை நோகடித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது பிள்ளை, அதைவிடப் பயமாக இருக்கிறது.

பெயரை நீ விரும்பினபடி வை, மாற்றினால் பாஸ்போட்டையும் சுணக்காமல் மாற்று, இல்லாவிட்டால் எயார்ப்போட்டில் மினக்கெட வேண்டிவரும். மழைக்குள் தலை நனைந்துகொண்டு திரியாதே. காரெத்தின் தகப்பனுக்கு என் இங்கிலீசில் நாலு வரி எழுதி இதோடு வைத்திருக்கிறேன், பிழைகளைத் திருத்தாமல் அப்படியே கொடு. கூறைச்சேலை எடுத்தாயிற்று, அம்மாவுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. எனக்குப் போடவில்லை, வரமாட்டேன் என்று சொன்னவன் நீ கூப்பிடாமல் வந்து நிற்கக்கூடாது.

முருகன் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். போனில் என்றால் என் குரல் உயர்ந்துவிடும், அதுதான் முதலில் எழுதினேன். வாற ஞாயிற்றுக்கிழமை காலமை நானே உனக்குப் போன் எடுப்பேன். நீ எடுக்காவிட்டால் கோபிக்கமாட்டேன், அடுத்த ஞாயிறும் எடுப்பேன், அதற்கடுத்த ஞாயிறும் எடுப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
யோகேந்திரன்