நுஹ்மான் அண்ணன் லொறியை ஓட்டவில்லை

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

ஆண்டவர் அருளால் நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் இருமல் குறைந்ததா?

இங்கே தம்புள்ளையில் ஒரு விபத்து. நீங்கள் பயப்பட வேண்டாம். முதலாளியின் மகன் லொறியைப் பின்னால் எடுத்தபோது, வாசலில் நின்ற மரக்கறி வியாபாரி ஒருவர் சில்லுக்கு அடியில் அகப்பட்டு இறந்துபோனார். சமைத்துக்கொண்டிருந்த நான் குசினி யன்னலிலிருந்து பார்த்தேன். பொலிஸ் பிடித்திருப்பதோ டிரைவர் நுஹ்மான் அண்ணனை.

"நுஹ்மான்தான் ஓட்டுனான்னு சொல்லு, பிரின்ஸி. ஒரு வார்த்தைதானே," என்றார் முதலாளியம்மா.

"பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுங்கம்மா. அது ஆண்டவர் கட்டளை."

அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கேட்டுக்குப் பூட்டு. எனக்கு மட்டும் நல்ல சாப்பாடு.

வெள்ளிக்கிழமை சாட்சி சொல்ல முதலாளியே என்னைப் பொலிஸுக்குக் கூட்டிப்போகிறாராம். "போற வழியில நீயும் நானும் கொஞ்சம் தனியா பேசணும்," என்றார்.

என் செருப்பு அறுந்துவிட்டது. அப்பா வேறு செருப்பும் என் செபமாலையும் எடுத்துக்கொண்டு, அன்று காலையிலேயே பொலிஸ் வாசலுக்கு வந்து நிற்கட்டும். தங்கச்சியை அழைத்து வர வேண்டாம்.

இதைக் கொண்டுவருபவர் நுஹ்மான் அண்ணனின் மனைவி ஸரீனா. இப்போது இந்தக் கடிதத்துக்காகப் பின்மதிலுக்கு அப்பால் காத்திருக்கிறார். அவருக்கு முதலில் சாப்பாடு கொடுங்கள்.

அப்பா வருவதற்குள் எனக்கு ஏதும் ஆனால், நான் பார்த்ததை நம் பங்குச் சாமியாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்,
பிரின்ஸி