பன்னிரண்டு மணி நேரப் பாடம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இவளுக்கு இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். நம் பேச்செல்லாம் அப்பாவின் கட்டிலருகே, போன் ஸ்பீக்கரில்தான் நடக்கிறது. அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதனால் கல்லூரியில், ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அப்பா. இடுப்பு எலும்பு கூடிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வருகிறார். பேச்சுதான் இன்னும் சரியாகவில்லை. ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு பாதியில் நின்றுவிடுகிறார். நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர், "அந்த... தண்ணி ஊத்துற... அது" என்று கையைக் காட்டும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

கல்லூரியில் நான் ஒரு புதிய பாடம் கேட்டேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? நேற்று பாடத்திட்டக் குழு கூடியது. கிடைக்கவில்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துப் படி.

மருந்தாளுநர் படிப்பில் கடைசி ஆண்டுக்குப் பன்னிரண்டு மணி நேரப் பாடம். மருந்தைக் கையில் கொடுக்கும்போது என்ன பேசுவது என்பதுதான் பொருள். அதில் ஒரே ஒரு சட்டம்: "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். மாணவர்களே மாறி மாறி வாடிக்கையாளராக நடிப்பார்கள். ஒருவர் அவசரத்தில் இருப்பவர், ஒருவருக்குக் காது மந்தம், ஒருவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுபவர்.

குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. எதைக் கொண்டுபோனாலும் பாதியாக்கித்தான் பேச ஆரம்பிப்பார். நான் உட்காருவதற்குள் பன்னிரண்டு மணி நேரம் ஆறானது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மாத்திரையை எப்படிப் போடணும்னு திருப்பிச் சொல்றது வாடிக்கையாளர். அப்ப மார்க்கு பையனுக்கா, இல்ல அந்தப் பெரியவருக்கா மேடம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. அதை நினைத்தால்தான் இப்போதும் என்மேல் ஆத்திரமாக வருகிறது.

படிவத்தில் 'இப்பாடத்தின் தேவைக்கான ஆதாரம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் ஒரு முதியவரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். கத்திரி அதன்மேல் விரலை வைத்தார். "யாரு இந்த முதியவர்? எந்த ஆய்வுல வருது?" என்றார். கேள்விப்பட்டது என்றேன். "கேள்விப்பட்டதை வெச்சுப் பாடம் நடத்தினா நாளைக்கு நம்மளை யாரும்மா மதிப்பாங்க?" என்றார், கோபமில்லாமல்தான்.

பிறகு தொடர்புத்திறன் ஆசிரியை தன் பாடத்தின் மூன்றாம் அலகை எடுத்து என் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் கைகுலுக்குவதும், நேர்காணலில் நிமிர்ந்து உட்காருவதும்தான் இருக்கிறது. "ரெண்டும் ஒண்ணுதானே மேடம், பேருதான் வேற" என்றார். அத்தோடு முடிந்தது. நாலு வருடம் கழித்துப் பாடத்திட்டம் திருத்தும்போது பார்க்கலாமாம். "எல்லாருக்கும் புரிஞ்சுதுல்ல? அடுத்தது?" என்றார் கத்திரி. அடுத்தது இருசக்கர வண்டி நிறுத்துமிடம். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டு பெயர்களில் இருப்பது ஒன்றுதான் என்று, ஒன்றல்லாததைக்கூட அவர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குப் பதினொரு நாள் ஆனது.

அக்கா, அப்பா சளிக்காய்ச்சலுக்காக மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து வந்தார் அல்லவா, அப்போது அவருடைய சர்க்கரை மாத்திரையையே வேறு கம்பெனி பெயரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பழையது வெள்ளை, இது இளநீலம். மருந்து ஒன்றேதான். வீட்டில் பழைய அட்டை பாதி மீதம் இருந்தது. பழசை என்ன செய்வது என்று கேட்டு அவர் போன் செய்தபோது நான் செய்முறைத் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். "பழசை நிறுத்தாதீங்க, புதுசையும் சேர்த்துப் போடுங்க" என்றேன். பழசு என்று நான் நினைத்தது ரத்த அழுத்த மாத்திரையை. அவருக்கு அது எப்படித் தெரியும்? "புரிஞ்சுதாப்பா?" என்று கேட்டேன். "புரிஞ்சுதும்மா" என்றார். வைத்துவிட்டேன்.

நடுவில் ஒரு சனிக்கிழமை, அப்போது தனியாக இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கை நடுங்குகிறது, காலையில் வேர்க்கிறது என்றார். வயசாச்சுல்லப்பா என்றேன். அந்த இரண்டு அட்டைகளும் ஜன்னல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என் கைப்பையை வைக்க இடம் வேண்டி அவற்றை நானே நகர்த்தி வைத்தேன். அடுத்த புதன்கிழமை குளியலறையில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தார். எத்தனை நேரம் அப்படியே கிடந்தாரோ, தெரியாது. பேச்சு இப்படி ஆனதும் அதனால்தான்.

அப்பா மாற்றிப் போட்டுவிட்டார் என்றுதானே நீ இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்? பார்க்க வருகிறவர்களிடமும் அவர் அப்படித்தான் சொல்கிறார். "எம் பொண்ணு சரியாத்தான் சொன்னா. நான்தான்... கெடுத்துக்கிட்டேன்." நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வாய் மூடி நிற்கிறேன். அவர் எதையும் மாற்றவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்தார்.

இன்னொன்று. போன வாரம் படிவத்தை வீட்டில் மேசைமேல் வைத்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு எழுத்துப் பிழையைச் சுழித்திருந்தார். கோடு கோணலாக ஓடியிருந்தது. ஆதாரக் கட்டத்தைக் காட்டி, "இந்த... முதியவர்... நானாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா, இது வேற ஒருத்தர்" என்றேன். அவர் மூடியைத் திருகிப் பேனாவை என்னிடம் கொடுத்தார். "புரிஞ்சுதும்மா" என்றார்.

நீ போனில், "அவ மருந்துக் கல்லூரியில பாடம் நடத்துறவ, அவ சொன்னதைக் கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று அவரைக் கண்டிக்கிறாய். அவர் சரி சரி என்று தலையாட்டுகிறார். உனக்கு அது தெரிவதில்லை, எனக்குத் தெரிகிறது. இனி அவரைத் திட்டாதே அக்கா. திட்ட வேண்டியதை எழுதி என் கல்லூரி முகவரிக்கு அனுப்பு.

வருகிற ஞாயிறு அவரிடம், காலையில் என்ன மாத்திரை போட்டீங்கப்பா என்று மட்டும் கேள். பாதியில் நிற்பார். சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாதே. எத்தனை நேரமானாலும் அவரே சொல்லி முடிக்கட்டும். அவர் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கேட்டால், என் மனம் நோகாதபடிதான் அவர் பதில் சொல்வார்.

உன் அன்புத் தங்கை