ரஞ்சி அக்காவின் பெயர் எழுதிய துண்டு

4 நவ., செவ்வாய்

ஓகூஸ் நகரில் மழை, பேய்க்காற்று. குடை போயே போய்விட்டது. முதியோர் இல்லத்தில் காலை வேலை. முழங்கால் நோ. வாங்க: பால், வெங்காயம், தாரணிக்குக் கையுறை.

மகள் கிம்னாசியத்து உயர்தர வகுப்புப் பாடம் படிக்கிறாள், பழைய கிரேக்கம். நான் தமிழில் கேட்க அவள் டேனிஷில் பதில். ஏதென்ஸில் ஒரு வழக்கமாம்: உடைந்த சட்டித் துண்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. யாருடைய பெயர் அதிகம் விழுகிறதோ அவர் பத்து வருடம் ஊரை விட்டுப் போக வேண்டும். நல்ல யோசனை என்றேன். "யா, யா" என்றுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

5, புதன்

தமிழ்ப் பள்ளி நிர்வாகக் கூட்டம். அதே சண்டை. தலைவி ரஞ்சி அக்கா: பிள்ளைகளுக்கு விளங்காததை டேனிஷில் விளக்கலாம். செயலாளர் சிவம் அண்ணை: ஒரு சொல்லும் கூடாது.

"அவ இருந்தா நான் இல்லை!"

"அப்ப போங்கோவன்!"

ஒருவர் விலகத்தான் வேண்டும். பெற்றோரைக் கூட்டிக் கை தூக்கச் சொல்வதா? முகத்துக்கு நேரே தூக்க யாருக்கு மனம் வரும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கிரேக்கக் கதையை எடுத்துவிட்டேன். சட்டிக்குப் பதில் கடதாசித் துண்டு, அவ்வளவுதான். எல்லாருக்கும் பிடித்துப்போனது. "இதெல்லோ சனநாயகம்!" என்று சிவம் அண்ணை. அக்காவும் சிரித்தார்: "உன்ரை மூளையே மூளை."

8, சனி

வெயில், ஆனால் கடும் குளிர். பள்ளி முடிந்ததும் பெற்றோரும் நிர்வாகமும் சேர்ந்து வாக்கெடுப்பு.

ரஞ்சி அக்காவின் பெயரை எழுதினேன்.

இங்கேயாவது உண்மையைச் சொல்ல வேண்டும். டேனிஷ் எல்லாம் ஒரு சாட்டு. இத்தனை வருடமாகத் தொட்டதற்கெல்லாம் "ரஞ்சி அக்காவைக் கேளுங்கோ", "ரஞ்சி அக்கா சொன்னாச் சரிதான்". கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வேறொன்றும் இல்லை. என் ஒரு துண்டால் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

வாசிக்கவும் என்னையே விட்டார்கள். மொத்தம் 37. சிவம் 18. ரஞ்சி 19.

ஒன்று. என்னுடையது.

அக்கா எழும்பிப் பள்ளிச் சாவிகளை மேசையில் வைத்தார். "பிள்ளையளின்ரை கொப்பியள் ரெண்டாவது அலுமாரியில இருக்கு" என்றார். நான் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

9, ஞாயிறு

சமைக்கவில்லை. பாண், முட்டை.

டென்மார்க் வந்த முதல் பனிக்காலம். தாரணி வயிற்றில். மொழி தெரியாது, ஒரு சனத்தைத் தெரியாது. இவருக்கு எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலை வேலை, நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. பிரசவ அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது ரஞ்சி அக்கா. சைக்கிள் ஓடப் பழக்கியதும் அவர்தான். சீ, என்ன மனுசி நான்.

நல்லவர்களுக்கும் அப்படிப் பெயர் விழுந்ததா என்று தாரணியிடம் கேட்டேன். விழுந்ததாம். ஒரு தலைவரை எல்லாரும் நேர்மையானவர், நேர்மையானவர் என்று சொல்ல, அதைக் கேட்டு அலுத்துப்போயே ஒருவன் அவர் பெயரைப் போட்டானாம்.

"விசரன்" என்றாள். அதை மட்டும் தமிழில்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

10, திங்கள்

திரும்பவும் மழை. வேலைக்குப் போகவில்லை. மூன்று தரம் போனை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் அக்காவே அழைத்தார். சொல்லிவிடுவது என்று முடிவு.

"அக்கா, நான் உங்களிட்ட ஒண்டு சொல்லோணும்…"

"அழாதை. உன்ரை யோசனையாலதான் இப்பிடி ஆச்சுதெண்டு கிடந்து வேகுறாய், எனக்குத் தெரியாதே? விடு. அந்தப் பத்தொன்பது பேர் ஆரெண்டு நான் யோசிக்கவே இல்லை. பதினெட்டுப் பேர் என்னைக் கைவிடேல்லை. அதில முதல் ஆள் நீ. எனக்கு அது காணும். என்ன?"

"ஓம், அக்கா" என்றேன்.