நான் தின்ற இரண்டு அங்குலம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாக இருந்துதான் ஆக வேண்டும், உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் "பழைய ஆபீசுக்கே போயேன்" என்று ஆரம்பிப்பாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்குவாள். அதனால்தான் கடிதம்.

என் முதல் பெரிய ஆர்டர் வந்துவிட்டது! உன் ஊரில் ஒரு டீச்சர், என் வயதுதான், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மழலையர் பள்ளி திறக்கிறார். குழந்தைகள் மதியம் தூங்கும் அறைகளுக்குப் பதினான்கு திரைச்சீலை. ஜன்னல்களை நீ போய் அளந்து அனுப்பு. நம் வீட்டு டேப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். சின்ன வயதில் நான் கடித்துத் தின்றேனே, முதல் இரண்டு அங்குலம் இல்லாத அதே டேப்தான்.

இந்த ஆர்டர் சொதப்பினால் தையல் மெஷினை மூடிவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்குக் கொண்டாட்டம்தான். இருந்தாலும் ஒழுங்காக அளந்து தொலை.

உன் தங்கை

ஜூன் 9

அடி வாலு,

அளவுகள் பின்பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமையும் போச்சு, முட்டியும் போச்சு. எல்லாமே தரையை ஒட்டிய ஜன்னல்கள். டீச்சர் ஏணியில் நின்று தானே சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தங்கச்சிக்காக வந்தீங்களா? குடுத்து வச்சவங்க" என்றார். அவ்வளவு நல்லவன் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

உன் பழைய மேனேஜர் நேற்றும் விசாரித்தாராம். உன் இடம் இன்னும் காலிதான். சொல்வது என் கடமை, திட்டுவது உன் உரிமை.

அண்ணன்

ஜூன் 20

அண்ணா,

டீச்சர் இன்று காலை போன் செய்தார். பதினான்கும் இரண்டு அங்குலம் குட்டை! தரையில் படுத்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறதாம். பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது.

உண்மையைச் சொல். டேப்பில் இல்லாத இரண்டு அங்குலத்தை நீயே கழித்துத்தான் எழுதினாயா? உனக்கெங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று நானும் கழித்துவிட்டேன்.

மஞ்சள் துணியைப் பட்டையாக வெட்டி அனுப்பியிருக்கிறேன். அவற்றை அடியில் வைத்துத் தைக்க வேண்டும். நான் கிளம்பி வந்தால் இங்கே இரண்டு வேலை நின்றுவிடும். உன்னை விட்டால் ஆளில்லை. கோணலாகத் தைத்தால் கொன்றுவிடுவேன். அம்மாவிடம் கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா, அதுதான் பயமாக இருக்கிறது.

தங்கை

ஜூன் 24

அன்புள்ள வாலு,

மெஷினை மூடாதே.

நான்தான் கழித்தேன். அவசரக்குடுக்கை, நீ மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன்னை நான் நம்பவில்லை, என்னை நீ நம்பவில்லை. நடுவில் குழந்தைகள் முகத்தில் வெயில்.

இரண்டு நாள் லீவு போட்டேன். முதல் திரைக்கு ஒரு மணி நேரம், கட்டைவிரலில் நாலு குத்து. பதினான்காவது பத்தே நிமிடம்! முடித்ததும் டீச்சர் தரையில் படுத்துக் கண்ணை மூடினார். "இப்ப வெளிச்சம் இல்லை. ஆனா மூணாவது ஜன்னல்ல பட்டை கோணல்" என்றார். அதைப் பிரித்து மறுபடி தைத்தேன். திங்கட்கிழமை மதியம் எட்டிப் பார்த்தேன், பதினோரு குழந்தைகளும் அடித்துப்போட்டதுபோல் தூங்கின.

ஒன்பது வருடம் ஆபீசில் குப்பை கொட்டியிருக்கிறேன், நான் செய்தது இது என்று காட்ட ஒன்றும் இல்லை. அந்த வாசலில் நின்று என் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். உன்னைப் பார்த்து இத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன், அதற்குப் புத்திமதி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கும் திரை வேண்டுமாம். அளவு பின்பக்கத்தில். அப்புறம், உன்னிடம் எனக்கு ஒரு வேலை கிடைக்குமா?

அண்ணன்

ஜூலை 1

விண்ணப்பதாரருக்கு,

தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. முன் அனுபவம்: பதினான்கு பட்டை, ஒரு கோணல். முதலாளியை வாலு என்று கூப்பிடும் கெட்ட பழக்கம் வேறு. இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறோம்.

கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "ரெண்டும் ஒரே இடத்திலயா? வீடு தாங்குமா?" என்றாள். சொல்லிவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் உனக்கு நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள். மெஷினை மூடும் வாக்கு அதோடு போச்சு.

பல் டாக்டரின் துணியை இன்று காலை வெட்டிவிட்டேன் அண்ணா. அந்த அளவில் கழித்தாயா இல்லையா என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. நீ எழுதியதை அப்படியே வெட்டினேன்.

சீக்கிரம் வா.

உன் முதலாளி