மூச்சு விடும் இடம்

மார்ச் 4

அன்புள்ளவருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரிந்து மூன்று வருடம் கழித்து எழுதும் முதல் கடிதம் புகாராக இருக்கக் கூடாதுதான். சொல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

சனிக்கிழமை உங்கள் வானொலியில், நேயர்களுக்குப் பிடித்த நாட்டுப்புறக் கலைஞர்கள் என்று அந்தக் கல்குவாரி அண்ணன் தம்பி பாட்டைப் போட்டீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில் குவாரிக்கே கூட்டிப்போய் நீங்கள் காட்டிய ஆட்களாயிற்றே. அன்று அண்ணன் ஒவ்வொரு வரியையும் சம்மட்டி மாதிரி இறக்கிவிட்டு மூச்சு வாங்குவார். தம்பி மேளத்தின் மேல் கையை வைத்தபடி காத்திருப்பார். மூச்சு வந்து சேர்ந்ததும் ஒரு தட்டு. எனக்குப் பாட்டு என்பதே அந்த இடம்தான்.

வானொலியில் மூச்சைக் காணோம். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது பாட்டு. வெட்டியது யார் கை என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே


மார்ச் 11

எக்ஸ்ரே அம்மாளுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்து, டீ ஆறும்வரை உறையைப் பிரிக்கவில்லை.

வெட்டியது நான்தான். மொத்தம் நாற்பத்தொரு மூச்சு. மைக்கில் அது வெறும் இரைச்சலாக விழும். ஒலிப்பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு ஊறிப்போன புத்தி. மேலே போகும்போது அந்த அண்ணன் குரல் உடைவது போல வந்து உடையாமல் நிற்குமே, எனக்கு அதுதான் உயிர். மற்றதெல்லாம் எனக்குக் கேட்கவே இல்லை.

உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று. அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. வீட்டுச் சுவர்த் தகராறு, பதினொரு வருடம் ஆகிறதாம். பதிவுக்கு வந்தபோது தம்பி என்னிடம், "அவரைச் சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க சார்" என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அண்ணன், "இறக்கியாச்சுன்னு சொல்லுங்க" என்றார். நடுவில் நான் தபால்காரன்.

இங்கே வீட்டில் நல்ல வெளிச்சம். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. நீ கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

ரேடியோ


ஏப்ரல் 20

அன்புள்ளவருக்கு,

அந்த அண்ணன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். தம்பிதான் கூட்டி வந்தார். நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். தினமும் நூறு பேரிடம் சொல்வதைத்தான் சொன்னேன், "மூச்சை இழுத்துப் பிடிங்க." அவர் சிரித்துக்கொண்டே, "இழுத்தா பாதிதான் வருதும்மா, அதைப் பிடிச்சு என்ன பண்ண" என்றார்.

கல்தூசு நுரையீரலில் படிந்துவிட்டது. இனிமேல் பாடக் கூடாது என்றார் டாக்டர். குவாரியில் உங்களோடு என்னைப் பார்த்த ஞாபகத்தில், அடுத்த பதிவுக்குப் பாட முடியாது என்று உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னார் தம்பி. பிறகு தயங்கி, "அவரால படி இறங்க முடியுமான்னு கேளுங்கம்மா" என்றார். "நீங்களே கேளுங்க" என்றேன். கேட்கவில்லை. ஆனால் அண்ணனுக்கு ஒரு படி பின்னாலேயே இறங்கினார். அவர் நின்ற இடத்திலெல்லாம் இவரும் நின்றார். மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட மறந்துவிட்டேன்.

அன்று உங்கள் இடமாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு வந்து என்னிடம், "கிளம்பு" என்றீர்கள். "வர்றியா" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாள்.

எக்ஸ்ரே


மே 15

அன்புள்ள எக்ஸ்ரேவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். தப்பு என்னுடையது. உனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது அன்று என் மண்டையில் ஏறவே இல்லை.

அண்ணன் தம்பி நேற்று வந்தார்கள், இரண்டு பேருமே. "அவர் பாட மாட்டார் சார். அவர் இடத்தை விட்டுட்டு நான் வாசிக்கிறேன்" என்றார் தம்பி. அப்படியே செய்தார். ஒரு சுற்று மேளம், பிறகு ஒரு வரிக்கான நேரம் முழுக்க மௌனம். அண்ணனின் உதடு மட்டும் அசைகிறது. மைக்கில் விழுந்தது அவர் மூச்சின் சீழ்க்கை மட்டும்தான். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது அடியில் தம்பி முந்திக்கொண்டார். அண்ணன், "அவசரப்படாதடா" என்றார். நேராகத் தம்பியிடம். மேளம் நின்றுவிட்டது. "சரிண்ணே" என்று தம்பியின் குரல். மறுபடி வாசித்தார். அதுவும் ஒலிநாடாவில் இருக்கிறது. எதையும் வெட்டவில்லை.

எங்கள் அதிகாரி, "இத்தனை நேரம் சத்தம் இல்லேன்னா ஸ்டேஷன் படுத்துடுச்சுன்னு நினைப்பாங்கய்யா" என்றார். என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முப்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு ஒலிபரப்பு.

அன்று கேட்காததை இன்று கேட்கிறேன். வருகிறாயா? பதில் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

ரேடியோ


ஜூன் 2

அன்புள்ளவருக்கு,

கேட்டேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் வைத்துக் கேட்டேன். கை உடைந்து வந்த ஒரு குழந்தை, மௌனம் வந்ததும் "முடிஞ்சிடுச்சா?" என்றது. அதன் அம்மா, "இல்ல, இரு" என்றாள். எங்கள் நர்ஸ் பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டாள். "அவசரப்படாதடா" வந்தபோது நான் படம் கழுவும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வேலையை விட்டுவிட்டு வர மாட்டேன். பதினைந்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. பத்தாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். விடுப்பு முடிந்ததும் இங்கே திரும்புவேனா, உங்கள் ஊருக்கு மாற்றல் கேட்பேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வந்த அன்றே அதைக் கேட்க வேண்டாம்.

ரயிலடிக்கு வாருங்கள். பெட்டி ஒன்றுதான், ஆனால் கனம்.

உங்கள்,
எக்ஸ்ரே