மஞ்சள் ஹெல்மெட்டும் பதின்மூன்று வண்டிகளும்

அன்புள்ள மகனுக்கு,

என் முதுகுக்குப் பின்னால், எங்கள் மோட்டார் சைக்கிள் குழுவை நடத்தும் டயர்கடைக்காரருக்குப் போன் போட்டு, மலைப் பயணப் பட்டியலிலிருந்து என் பெயரை அடிக்கச் சொன்னாய். அது தப்பு. அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். நீயும் மருமகளும் சௌக்கியமா? என்னிடம் நாலு நிமிஷம் பேசுகிற நீ அவரிடம் நாற்பது நிமிஷம் பேசினாயாம்.

காரணம் என் முழங்காலாம். குளிர்காலத்தில் நான் விழுந்தது குளியலறையில், வண்டியிலிருந்து அல்ல. அதற்காக யாரும் என்னைக் குளிக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று மோட்டார் சைக்கிள்கள் மலையேறின. என்னைச் சாப்பாட்டு மூட்டைகளோடு வேனில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. பனி உருகிச் சாலையில் தண்ணீர் ஓடியது. ஜன்னல் வழியாகப் பார்த்ததைப் பார்த்த கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். கடைசியில் வருபவருக்கு மஞ்சள் ஹெல்மெட். அவர் யாரையும் முந்தக் கூடாது. மஞ்சள் வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று. பதினோரு வருஷம் அது என் தலையில் இருந்தது. இந்த முறை கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். அவருக்குப் பொறுமை போய், மெதுவாகப் போன இரண்டு நர்ஸ் பெண்களின் வண்டிகளை முந்திவிட்டார்.

மேலே டீக்கடையில் மஞ்சளைப் பார்த்ததும் எல்லாரும் டீ சொன்னார்கள். நான் எண்ணினேன். பதினொன்றுதான். டயர்கடைக்காரரிடம் சொன்னதற்கு, "மஞ்சள் வந்தாச்சேக்கா, இங்கதான் எங்கயாவது இருப்பாங்க" என்றார். வாத்தியார் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிச் சாவியையும் வாங்கினேன். வண்டி ரொம்பக் கனம் என்றார். "உங்க பேச்சைவிடக் கம்மிதான்" என்று கிளம்பினேன்.

ஆறாவது வளைவுக்குக் கீழே அந்த இரண்டு நர்ஸ் பெண்களும் இருந்தார்கள். ஈரத்தில் வழுக்கி ஒருத்தியின் கால் வண்டிக்கடியில் மாட்டியிருந்தது. மற்றவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. போனிலும் சிக்னல் இல்லை. இருவருமாகத் தூக்கினோம். மற்றவளை முன்னால் போகவிட்டு, கணுக்கால் வீங்கியவளை என் பின்னால் உட்கார வைத்து மேலே கொண்டுவந்தேன். முழங்கால் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். இறங்கும்போது பிடித்துக்கொண்டார்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த பயணப் பட்டியலில் டயர்கடைக்காரர் என் பெயரைப் பேனாவால் எழுத வேண்டும், பென்சில் கூடாது. வாத்தியார் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு என்னோடு கடைசியில் ஓட்டிப் பழக வேண்டும். நான் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் முழங்காலைக் காட்டுவேன். உனக்காக அல்ல, வண்டிக்காக. நீ லீவு போட்டு வர வேண்டும். நீ வந்து மூன்று வருஷமாகிறது. தடுப்பதாக இருந்தால் என் எதிரே உட்கார்ந்து தடு. உன் அறை மெத்தையை நேற்றே வெயிலில் போட்டுவிட்டேன்.

இருவரும் நன்றாக இருங்கள்.

அம்மா